கேட்டுட்டு வைங்க

ஐஸ்கிரீம் பெட்டிக்குள் பனி கெட்டித்துவிட்டால் அப்பா தோசைத் திருப்பியை எடுத்துவிடுவார். பிளாஸ்டிக் சுரண்டியைத் தவிர வேறெதுவும் உள்ளே போகக் கூடாது என்பது கம்பெனி விதி. பெட்டியின் மூடியிலேயே படம் போட்டு ஒட்டியிருந்தார்கள். அந்தப் புதன்கிழமை எனக்கு வார விடுமுறை. நான் சொம்பில் வெந்நீர் வைத்துக்கொண்டு பனியின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற, இளகின இடத்தில் அவர் திருப்பியைக் கொடுத்து நெம்பினார். பனிக்குப் பின்னால் குளிர்க்குழாய் ஓடுகிறது, அதில் ஓட்டை விழுந்தால் பெட்டியே வீண் என்றேன். நெம்புவதை நிறுத்திவிட்டு, கல்லாவில் நின்றிருந்த பொன்னியைக் கூப்பிட்டார்.

"பொன்னி, தோசத் திருப்பியா, பிளாஸ்டிக்கா? உன் ஓட்டு இன்னா?"

பொன்னிக்கு நாற்பது வயது. கடை திறந்த நாளிலிருந்து இருப்பவர். இந்தக் கேள்விக்கெல்லாம் பழகியவர். "கீர்த்திமா சொல்றது நாயம்தான். ஆனா பிளாஸ்டிக்ல சொரண்டினா பொழுது போயிடும் மொதலாளி" என்றார்.

"பேச்சு அப்புறம். ஓட்டு சொல்லு."

"பிளாஸ்டிக்கு."

இரண்டுக்கு ஒன்று. அப்பா திருப்பியைத் துடைத்து டிபன் பைக்குள் வைத்தார். வெயில் ஏறும் வரை பிளாஸ்டிக்கால் சுரண்டினோம். ஒரு முறைகூட முணுமுணுக்கவில்லை. ஓட்டில் தோற்றவன் முணுமுணுக்கக் கூடாது என்பது அவருடைய விதி.

மறுநாள் விடிந்தபோது அவர் இல்லை. இதயத்தில் மின்னோட்டம் தடைப்பட்டுவிட்டது என்று டாக்டர் என்னிடம் சொன்னார். நான் எஞ்சினியர் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அப்பாவின் பெயர் குமரகுரு. செவிலிமேட்டில் பச்சை போர்டு வைத்த கடை என்றால் ஆட்டோக்காரர்கள் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். அது அவருடைய கடை, ஆனால் அவருடைய கடை மட்டும் இல்லை. வடக்கே தலைமை அலுவலகம் வைத்திருக்கும் ஒரு கம்பெனியின் கடை. இடமும் ஆளும் கரண்ட் பில்லும் அப்பாவுடையவை. போர்டும் சரக்கும் கம்ப்யூட்டரும் அவர்களுடையவை. லாபத்தில் பங்கு. பால், பிஸ்கட், சார்ஜர் ஒயர், சூடான பப்ஸ். ஜோத்பூரில் எந்தத் தட்டில் எந்த உயரத்தில் நூடுல்ஸ் இருக்கிறதோ அதே தட்டில் அதே உயரத்தில் செவிலிமேட்டிலும் இருக்கும்.

கம்பெனியின் பச்சை டி-ஷர்ட்டை நெற்றி நிறைய விபூதியோடு போட்டுக்கொள்வார். ஆரம்பத்தில் கீழே வேட்டி. தணிக்கைக்கு வந்த பெண் படம் எடுத்துக்கொண்டு போனபின் கறுப்பு பேன்ட் இரண்டு தைத்துக்கொண்டார். பணம் வந்ததைச் சொல்லும் சிறிய ஸ்பீக்கர் ஒவ்வொரு முறை பேசி முடித்ததும் வாடிக்கையாளரைப் பார்த்து "சந்தோஷம்" என்பார். இரண்டு ரூபாய் சாக்லெட்டுக்கும் சந்தோஷம்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதற்காகவே ஒரு ரூபாய் ஒரு ரூபாயாக அனுப்பி அவரைப் பேச வைப்பார்கள். தெரிந்தேதான் பேசினார்.

எங்கள் குடும்பத்துக்குப் பிள்ளையார்பாளையத்தில் வீடும் தறியும் உண்டு. சித்தப்பா இன்றும் நெய்கிறார். கைக்கு மீறி ஆர்டர் இருக்கிறது. அப்பா தறியை விட்டது கஷ்டத்தால் இல்லை. "தறியில ஒக்காந்தா எதுர்ல செவுரு. கடையில ஒக்காந்தா எதுர்ல ஆளு" என்பார். வேறு காரணம் அவரிடம் இருந்ததாகத் தெரியவில்லை.

தறியை விட்டார். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தை விடவில்லை. அதாவது, அவருக்குள் இருந்த சங்கத்தை. இருபத்தைந்து வருடம் உறுப்பினர். இரண்டு முறை நிர்வாகக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். கூலியை மாற்றுவதா, பட்டு நூல் யாருக்கு முதலில், பொங்கலுக்கு எத்தனை சதவீதம் போனஸ், சங்கக் கட்டடத்துக்கு என்ன வண்ணம் என்று எல்லாவற்றுக்கும் மகாசபை கூடும். ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார். தூங்கிக்கொண்டிருக்கும் உறுப்பினரையும் தட்டி எழுப்பிக் கேட்பார்கள். அவர் "இன்னா, இன்னா" என்று விழித்துக் கையைத் தூக்குவார். அந்தக் கைக்கும் கணக்கு உண்டு. நாலு பேர் சேர்ந்து ஒரு காரியம் செய்வது என்றால் அப்பாவுக்கு இதுதான். வேறு விதமாகவும் செய்யலாம் என்பதை அவர் கேள்விப்படவில்லை.

ஆகவே கம்பெனியையும் சங்கம் என்றே சொன்னார். திருத்திப் பார்த்தேன். ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தை எடுத்து, நீங்கள் உறுப்பினர் இல்லை, பங்குதாரர் இல்லை, தனித்து இயங்கும் கடைக்காரர், அவ்வளவுதான் எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். "அது வக்கீல் எழுதறதும்மா. கடைய நடத்தறது யாரு?" என்றார். பொன்னி 'மொதலாளி' என்று கூப்பிடும்போதெல்லாம் "மெம்பர்னு சொல்லு" என்பார். பொன்னி ஒரு நாளும் சொன்னதில்லை.

வீட்டிலும் இதே கதைதான். வாங்கப்போகும் ஸ்கூட்டர் சிவப்பா நீலமா என்று ஏழு வயதில் என்னிடம் ஓட்டு வாங்கினார். "புள்ளைக்குக் காது குத்தறதுக்கே ஓட்டெடுத்த மனுசன்" என்று அம்மா வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வாள். அம்மா வடிவாம்பாளுக்கு இந்த ஏற்பாட்டில் நம்பிக்கை இல்லை. ஆனால் ஒரு ஓட்டையும் விட்டதில்லை. எனக்கு வரன்கள் வந்த காலத்தில் அப்பா என் அறை வாசலில் நின்று, உள்ளே வராமல், "இன்னாமா சொல்ற?" என்று கேட்பார். கேட்டுவிட்டு மாடிக்குப் போய்விடுவார். நான் வேண்டாம் என்றால் வேண்டாம். ஏன் என்று கேட்டதில்லை. என்னைக் கேட்காமல் என் வாழ்க்கையில் எதுவும் நடந்ததில்லை. அது எல்லா வீட்டிலும் நடப்பது என்று ஹாஸ்டலுக்குப் போகும் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

கம்பெனி வேகமாக வளர்ந்தது. அப்பா கடை எடுத்தபோது நாடு முழுவதும் நூற்றுச் சொச்சம் கடைகள். இப்போது இரண்டாயிரத்துக்கு மேல். ஒவ்வொரு தீபாவளிக்கும் இனிப்புப் பெட்டியோடு இந்திய வரைபடம் ஒன்று அனுப்புவார்கள். கடை இருக்கும் இடமெல்லாம் பச்சைப் புள்ளி. பழைய படத்தின் மேலேயே புதியதை ஒட்டுவார். "அசாம் பூந்துட்டோம் பாத்தியா" என்று எனக்குக் காட்டுவார். திருப்பதிக்கு வடக்கே போகாதவர். மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில், கம்பெனி ஆப்பில் இருக்கும் தொலைபேசி எண்ணைப் பார்த்து ஏதோ ஒரு புள்ளிக்கு அழைப்பார். "ஹலோ, காஞ்சிபுரம் ஸ்டோர். உதர் பாரிஷ்?" என்பார். அங்கே மழை பெய்கிறதா என்று தெரிந்துகொள்வார். இங்கே வெயில் என்று தெரிவிப்பார். அவ்வளவுதான் இந்தி, அவ்வளவுதான் செய்தி. வைத்துவிட்டு, அந்தப் புள்ளியின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். குவாஹாட்டிக் கடையில் நூடுல்ஸ் தட்டுக்குக் கீழே என்ன வைத்திருப்பார்கள் என்று கேட்பார். இங்கே இருப்பதுதான் என்பேன். "இருந்தாலும் ஒரு தபா பாக்கணும்மா" என்பார்.

கம்பெனி பங்குச் சந்தையில் நுழைந்த வருடம் நிர்வாகத்தில் பல மாற்றங்கள் வந்தன. வெளியாட்களை இயக்குநர்களாகப் போட்டார்கள். குழுக்கள் அமைத்தார்கள். கடைக்காரர்களின் குரலைக் கேட்க ஆலோசனை கவுன்சில் ஒன்று வந்தது. காஞ்சிபுரம் வட்டாரத்தின் பதினாறு கடைகளுக்கு அப்பா உறுப்பினர் என்று ஒரு மின்னஞ்சல். வாழ்த்துகள் என்று முடித்திருந்தார்கள்.

அப்பா வருத்தப்பட்டார். "நியமன மெம்பருக்கு வாய் இருக்காதும்மா" என்றார். யாரும் ஓட்டுப் போடாமல் எப்படிப் போய் உட்காருவது? அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வாலாஜாபாத், உத்திரமேரூர், அரக்கோணம் என்று ஒவ்வொரு பச்சை போர்டுக்கும் போய், தன்னைத் தேர்ந்தெடுக்கும்படி கேட்டார். ஏற்கெனவே கிடைத்துவிட்ட பதவிக்கு. அரக்கோணத்துக் கடைக்காரர் பரமசிவம் தேர்தல் என்றதும் தானும் நிற்பதாகச் சொல்லிவிட்டார். அப்பாவுக்குப் பரம திருப்தி. எங்கள் கடைப் பின்னறையில், காலி டீத்தூள் டப்பாவில் துளை போட்டு, வாக்குப்பதிவு நடந்தது. அப்பா ஜெயித்தார், பெரிய வித்தியாசத்தில் இல்லை. முடிவைத் தெரிவிக்க வேண்டுமே என்று கம்பெனியின் உதவி எண்ணுக்கு அழைத்தார். அந்தப் பெண் அதைப் புகாராகப் பதிவு செய்துகொண்டு ஒரு எண் கொடுத்தாள். இரண்டு நாள் கழித்து, உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்தது.

"பாத்தியா, அங்கீகாரம் வந்துடுச்சி" என்றார்.

அதற்கு அடுத்த வருடம் செவிலிமேடு பஸ் நிறுத்தத்தில், எங்கள் கடை வாசலில் நின்றால் தெரியும் தூரத்தில், பச்சை போர்டு ஒன்று சாரத்தில் ஏறுவதைப் பொன்னி பார்த்துவிட்டு வந்து சொன்னார். வேறு கம்பெனியாக இருக்கும் என்றார் அப்பா. இல்லை. எங்கள் கம்பெனிதான்.

ஏரியா மேனேஜர் ஸ்ரீவர்தன் மறுநாள் வந்தார். சின்ன காஞ்சிபுரத்துக்காரர், முப்பத்திரண்டு வயது, கோவில் குடும்பம். அப்பா அவரைச் சாமி என்பார், அவர் அப்பாவைச் சார் என்பார். டேப்லெட்டில் ஊரின் படத்தை விரித்து, புது வீடுகள் வந்த இடமெல்லாம் சிவப்பாகத் தெரிவதைக் காட்டினார். "இடத்தை நான் தேர்ந்தெடுக்கலை சார். கம்ப்யூட்டர் சொல்றது, மேலே கையெழுத்துப் போட்டுடறா. எனக்கே போர்டு ஏறினப்புறம்தான் தெரியும்."

அன்று வீட்டில் நான் அப்பாவுக்கு விளக்கினேன். அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறேன். எதையும் படம் போட்டுத்தான் எனக்குச் சொல்ல வரும். ஸ்ரீபெரும்புதூர்க் கிடங்கிலிருந்து ஒரு லாரி வருகிறது. ஒரே சாலையில் இரண்டு கடை இருந்தால் கடைக்கு ஆகும் செலவு பாதி. போட்டிக் கம்பெனிக்கும் இடம் இருக்காது. ஒரு கடை கொஞ்சம் இழந்தாலும் மொத்தத்தில் லாபம். அப்பா படத்தைத் தன் பக்கம் திருப்பிவைத்துப் பார்த்தார்.

"கணக்கு சரியாத்தான் இருக்குது. என்னைக் கேட்டிருந்தா நானே சரின்னு சொல்லியிருப்பேனே. ஏன் கேக்கல?"

அதற்கு என் படத்தில் இடம் இல்லை.

கவுன்சில் கூட்டம் வீடியோவில் நடக்கும். கடைப் பின்னறையில் பால் கிரேட்டுகளைக் கவிழ்த்துப் போட்டு நானும் அவரும் உட்கார்ந்தோம். ஆங்கிலத்தில் பேசுவதை நான் அவருக்குச் சொல்ல வேண்டும், அவர் பேசுவதை அங்கே சொல்ல வேண்டும். டி-ஷர்ட்டையும் பேன்ட்டையும் கழற்றிவிட்டு வெள்ளைச் சட்டைக்கும் வேட்டிக்கும் மாறியிருந்தார். அவர் முறை வந்ததும் எழுந்து நின்றார். சங்கத்தில் உட்கார்ந்துகொண்டு பேச மாட்டார்கள். திரையில் அவருடைய முகம் மேலே போய்விட்டது. இருபது மாநிலத்துக்காரர்களுக்கு ஒரு சட்டையின் மூன்று பொத்தான்கள் மட்டும் தெரிந்தன. உட்காரச் சொல்லி வேட்டியை இழுத்தேன். உட்காரவில்லை.

"தலைவர் அவர்களுக்கும் குழுவுக்கும் வணக்கம். புதுக் கடை வெக்கறதுக்கு முன்னாடி, பக்கத்துல இருக்கற பழைய கடையக் கேக்கணும். வெக்க வேணாம்னு சொல்லல. கேட்டுட்டு வைங்க. இத தீர்மானமா முன்மொழியறேன்."

நான் மொழிபெயர்த்தேன். தலைமை தாங்கிய அம்மையார் புன்னகையோடு நன்றி சொன்னார். அப்பா நின்றுகொண்டே இருந்தார். ஏன் என்று எனக்கு முதலில் புரியவில்லை. வழிமொழிய ஆள் வர வேண்டும் என்று காத்திருந்தார். திரையில் எல்லோரும் மௌனமாகத் தங்கள் பெட்டிகளுக்குள் இருந்தார்கள். ஒரு பெட்டியில் குண்டூர் என்று எழுதியிருந்தது. உள்ளே ஐம்பது வயதுப் பெண் ஒருவர். அப்பா சட்டென்று தெலுங்குக்கு மாறினார். எங்கள் தெருவில் பாதி வீடு தெலுங்கு பேசும். சொன்னதையே மறுபடி சொன்னார். அந்தப் பெண் கன்னத்தில் வைத்திருந்த கையை எடுத்து உயர்த்தினார். எங்கள் ஊரிலும் இதேதான் நடந்தது, நான் வழிமொழிகிறேன் என்றார் தெலுங்கில். அதன்பின்தான் அப்பா உட்கார்ந்தார். அவருடைய முகம் திரைக்குள் வந்தது. வேர்த்திருந்தது.

கூட்டக் குறிப்பில் ஒரே வரி. கடை விரிவாக்கம் பற்றிய கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது.

"நெறவேறிச்சா?" என்று கேட்டார். எழுதி வைத்திருக்கிறார்கள் என்றேன். "மினிட்ல ஏறிட்டா போதும். இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு எவனாவது படிப்பான்."

பஸ் நிறுத்தக் கடை திறந்தது. எடுத்தவர் ராமராஜன், ஓய்வுபெற்ற கண்டக்டர். திறப்பு நாளில் அப்பா வெள்ளைச் சட்டையோடு போய், கற்கண்டும் எலுமிச்சம்பழமும் கொடுத்து, "உம்மேல ஒண்ணும் இல்லப்பா. என்னைக் கேக்கல, அதான்" என்று சொல்லிவிட்டு வந்தார். ராமராஜனுக்கு என்ன என்று விளங்கவில்லை. எங்கள் வியாபாரம் இறங்கியது. பொன்னிக்கு முழுநாள் சம்பளம் தர முடியவில்லை. காலை எங்களிடமும் சாயங்காலம் ராமராஜனிடமும் வேலை பார்த்தார், ஒரே டி-ஷர்ட்டில். "காலையில எங்க கச்சி, சாயங்காலம் அவங்க கச்சியா?" என்று அப்பா கேட்பார். "போர்டு ஒண்ணுதானே மொதலாளி. எந்தக் கச்சியா இருந்தா இன்னா, தண்டல்காரன் எங்கூட்டுக்கு வந்துக்கினுதான் இருக்கறான்" என்பார் பொன்னி. அப்பா அதற்குச் சிரிக்க மாட்டார்.

கேட்கப்படாதது அவருக்குள் எங்கேயோ நின்றுவிட்டது. தீபாவளி வரைபடம் வந்தது. ஒட்டினார். புள்ளிகளை எண்ணவில்லை. மதிய அழைப்புகள் குறைந்தன. கவுன்சில் கூட்டம் தோறும் வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்தார், தீர்மானம் என்ன ஆயிற்று என்று எழுந்து நின்று கேட்டார், பொத்தான்கள் தெரிந்தன, குறித்துக்கொண்டார்கள். விட்டுவிடலாமே என்று அம்மா ஒரு நாள் சொன்னாள். "பதினாறு கடைக்காரன் ஓட்டு போட்டிருக்கான். நானா விடறதுக்கு என்னுதா அது?" என்றார்.

பனி சுரண்டிய அந்தப் புதன்கிழமை சாயங்காலம் ஸ்ரீவர்தன் வந்தார். நானும் கடையில் இருந்தேன். புதுக் கடைக்கான விண்ணப்பத்தில் இந்த மாதத்திலிருந்து ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார்கள் என்றார். அருகிலுள்ள கடையின் கருத்து. எந்தக் குழுவில் யார் சேர்த்தார்கள் என்று தெரியாது. மற்ற ஏரியா மேனேஜர்கள் யாரையும் கேட்காமல் தாங்களே 'ஆட்சேபணை இல்லை' என்று நிரப்பிவிடுகிறார்களாம்.

"எங்காத்துல கோவில் தீர்த்தம் யாருக்கு முன்னாடி யாருக்குப் பின்னாடின்னு மூணு தலைமுறையாப் பேசிண்டிருக்கா சார். கேக்காம நிரப்ப எனக்குக் கை வரலை" என்றார். ஓரிக்கையில் ஒரு கடை வரப்போகிறது, அதற்கு அருகில் இருக்கும் கடைகளில் எங்களுடையதும் ஒன்று என்று ஆரம்பித்தார்.

"இருங்க சாமி" என்று அப்பா பின்னறைக்குப் போனார். பால் கணக்கை எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். வரும்போது பச்சை டி-ஷர்ட் இல்லை. வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, முகம் கழுவிப் புதிதாக விபூதி. பணம் சொல்லும் ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்தார். கல்லாவுக்கு வெளியே வந்து நின்றுகொண்டார்.

"இப்பக் கேளுங்க."

ஸ்ரீவர்தனும் எழுந்துவிட்டார். டேப்லெட்டைக் கீழே வைத்தார். "ஓரிக்கையில நம்ம கம்பெனி ஒரு கடை வெக்கலாம்னு இருக்கு. பக்கத்துக் கடைக்காரர்ங்கற முறையில உங்க அபிப்பிராயத்தைக் கேக்கறோம் சார்."

அப்பா கடைசிச் சொல் வரை கேட்டார். பிறகும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருப்பது போலவே நின்றார். சரி என்று சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் விசாரிக்க ஆரம்பித்தார். பாலாற்றுப் பக்கமா, ஊருக்குள்ளா? நடத்தப்போவது யார்? கங்கையம்மாள் என்ற பெண், கணவர் இல்லை, சொந்த இடம் என்று ஸ்ரீவர்தன் சொன்னார். "எடத்தப் பாக்காம எப்பிடி சொல்றது? நாளைக்குக் காலையில போயிப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றார் அப்பா.

ஸ்ரீவர்தன் போனபின் நான் கேட்டேன். இத்தனை நாள் இதற்குத்தானே நின்றீர்கள், சரி என்று சொல்லியிருக்கலாமே?

"கேட்டாங்கல்ல. ஒடனே சரின்னுட்டா, இத கேக்காமலே வெச்சிருக்கலாம்னு தோணிடும்மா அவங்களுக்கு."

ஓரிக்கை எண்ணை வாங்கி வைத்திருந்தார். கங்கையம்மாளுக்கு அழைத்து, தான் யார் என்று சொல்லி, காலையில் வருவதாகவும், ஷட்டரைத் திறந்து வைத்தால் உள்ளே பார்க்கலாம் என்றும் சொன்னார். வீட்டில் சாப்பிடும்போது அம்மாவிடம் முழுவதையும் சொன்னார். அம்மா ஒரேயடியாக வேண்டாம் என்றாள். ஒரு கடை வந்து பாதி போனது போதாதா, இன்னொன்றும் வந்தால் பொன்னியை முழுக்க நிறுத்த வேண்டியதுதான் என்றாள். நான் அந்தப் பெண்ணுக்கும் பிழைப்பு வேண்டுமே என்றேன். ஒன்றுக்கு ஒன்று. அப்பா தன் ஓட்டைச் சொல்லவில்லை. பார்த்துவிட்டு வந்துதான் சொல்வாராம். சமமாக நிற்கும்போது தலைவர் ஓட்டு அவசரப்படக் கூடாதாம். அந்த இரவு அவர் சாப்பிட்டதைவிடச் சிரித்தது அதிகம் என்று அம்மா இப்போது சொல்கிறாள். எனக்கு அது நினைவில் இல்லை. வெள்ளைச் சட்டையைக் கழற்றாமலே சாப்பிட்டார் என்பது நினைவிருக்கிறது.

அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்துவிட்டேன். வரவில்லை. கருமாதி முடிந்தபின் ஸ்ரீவர்தன் வீட்டுக்கு வந்து, அந்தக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, நீங்கள் சொன்னால்கூடப் போட்டுவிடுவேன் என்றார். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "அது அவரு ஊட்டு சொத்து இல்லப்பா, மவளுக்கு வர்றதுக்கு. பதினாறு பேரக் கூப்புட்டு ஓட்டெடுங்க" என்றாள். நம்பிக்கை இல்லாதவள்.

அவர் போன அந்த வியாழக்கிழமை காலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெயில் ஏறிவிட்டது. அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தெருவில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா வீட்டு ஆட்கள் வந்து கூடம் நிரம்பிவிட்டது. அப்பாவின் போன் அடுக்களை ஜன்னலில் அடித்தது. நான் எடுத்தேன்.

"ஐயா ஊடுங்களா? ஓரிக்கை கங்கையம்மா பேசறேன். விடிஞ்சதுலருந்து ஷட்டரத் தூக்கி வெச்சிக்கினு இருக்கேன்மா. எலெக்ட்ரீசன் வந்து நிக்கறான். ஐயா வந்து பாத்து சொல்லாம கை வெக்க வேணாம்னு நிறுத்தி வெச்சிருக்கேன். எத்தினி மணிக்கு வருவாருன்னு ஒரு வார்த்த கேட்டுச் சொல்லும்மா."

இருங்கள் என்றேன். போனைக் கையால் பொத்திக்கொண்டு, கேட்பதற்காகக் கூடத்தின் பக்கம் திரும்பினேன்.